கிழக்கு மட்டும் திறக்கவில்லை

மார்ச் 1, 2018, வியாழன்

எனக்கு ஓர் அநியாயம் நடந்திருக்கிறது. அதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் யாரும் எங்களுக்குத் தெரியாது என்று சொல்லக் கூடாது. சிற்றாற்று நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் இணையப் பக்கத்தை 2003இல் தொடங்கிப் பதினைந்து வருடம் தனி ஆளாக நடத்தினேன். நேற்று அதை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் புதிதாக ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது என் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை.

திறக்கவில்லை என்பது தவறு. திறக்கிறது. திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நான்கு பொத்தான்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக, கதவுப் பலகை அகலத்தில் வருகின்றன. கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு. அமுக்கினால் ஒன்றும் நடப்பதில்லை. இருபது முறை அமுக்கிவிட்டேன்.

எங்கள் நகரில் நான்கு தெருக்கள். ஒரு தெருவுக்கு ஆறு நாளைக்கு ஒரு முறை, காலை ஐந்து மணிக்கு, ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். தவறவிட்டால் அடுத்த ஆறு நாள் குடத்தோடு அலைய வேண்டும். எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்பதை என் பக்கம் சொல்லும். அதற்காகத்தான் அது இருந்தது. பூப்படம், வரவேற்பு வாசகம் எதுவும் கிடையாது.

சங்கச் செயலாளர் தளவாய்க்குப் போன் செய்தேன்.

“அண்ணாச்சி, இப்ப எல்லாரும் போன்லல்லா பாக்காவ. போன்ல எப்படி அம்சமா இருக்கு, பாத்தியளா?”

“என் போன்ல பேசலாம், மணி பாக்கலாம். அதுக்கு மேல அதை நான் தொந்தரவு பண்ணுததில்ல.”

“நம்ம முத்தரசிதான் செஞ்சா. சும்மா இருக்க நேரத்துல.”

“சும்மா இருக்க நேரத்துல என் பதினஞ்சு வருசத்தை அழிச்சிட்டாளோ?”

முத்தரசி அவருடைய மருமகள். ஈரோட்டுப் பெண். ஏதோ பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். நாளை நேரில் போகிறேன்.

மார்ச் 2, வெள்ளி

போனேன். நல்ல காபி கொடுத்தார்கள். அதனால் என் கோபம் குறைந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

முத்தரசி தன் லேப்டாப்பில் பக்கத்தைத் திறந்து பிரௌசர் ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். நான்கு கட்டங்களும் அருகருகே நின்றன. சுருக்கினாள். இரண்டு இரண்டாக நின்றன. இன்னும் சுருக்கினாள். ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிக்கொண்டன. பேருந்தில் இடம் குறையக் குறைய நகர்ந்து உட்காருகிற ஆட்கள் மாதிரி. மூன்று முறை இழுத்துக் காட்டச் சொன்னேன். குறை கண்டுபிடிக்கத்தான்.

“முதல்ல சின்ன ஸ்கிரீனுக்கு எழுதிருவேனுங்க அங்கிள். அப்புறம், ஸ்கிரீன் இவ்வளவு அகலமா இருந்தால் இப்படி மாத்திக்கோன்னு சொல்லுவேன். உங்க பிரௌசர் ரொம்பப் பழசு. அதுக்கு அந்த ‘இருந்தால்’ புரியாதுங்க. அதனால உங்க பெரிய ஸ்கிரீனையும் போன்னு நினைச்சுக்குது.”

“அதுக்கு ஏன் புரியணும்? சொன்னதைச் செய்யும். இருந்தால், வந்தால், போனால்னு அதுக்கிட்ட பேரம் பேசக் கூடாது.”

“புது பிரௌசர் போட்டுக்கலாமே?”

“அந்த மெஷின் தாங்காது.”

“புது மெஷின்?”

“ஓடுத மெஷினை யாராவது மாத்துவாவளா? அப்புறம் ஒண்ணு. அங்கிள்னு கூப்பிட்டா நான் திரும்பிப் பாக்க மாட்டேன்.”

“சரிங்க பெரியப்பா.”

இதற்கு நான் தயாராக இல்லை.

தளவாய் உள்ளே நுழைந்தார். “ஒங்க ஒருத்தருக்காகவா அண்ணாச்சி எல்லாத்தையும் மாத்தணும்?”

முத்தரசி எதையோ தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஒருத்தர் இல்லீங்க மாமா, ரெண்டு பேர். பழைய பக்கத்துக்கு யார் யார் எந்த பிரௌசர்ல வந்தாங்கன்னு பதிவு இருக்கு. இதே பழைய பிரௌசர் ரெண்டு மெஷின்ல இருக்குது. ஒண்ணு பெரியப்பாவோடது. இன்னொண்ணு தினமும் காலைல ஆறு பத்துக்கு வரும். கிழக்குத் தெருவை மட்டும் பார்த்துட்டுப் போயிரும். நேத்து பாவம், பதினோரு தடவை வந்திருக்கு.”

“அது யாரு?” என்றார் தளவாய்.

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

பேசி முடித்தது இது: 18ஆம் தேதி ஞாயிறு செயற்குழு. அதற்குள் புதிய பக்கத்தை நான் பழைய பிரௌசரிலும் சரியாகத் தெரியவைத்து, அதைக் குழுவுக்கு முன் காட்டினால் அந்த மாற்றத்தை அப்படியே வைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் இந்தப் பேச்சை நான் இனி எடுக்கக் கூடாது. ஒப்புக்கொண்டேன்.

கிளம்பும்போது இன்னொரு செய்தி கிடைத்தது. குழாய் வேலை நடப்பதால் கிழக்குத் தெரு முறை ஒரு நாள் முன்னால் நகர்ந்திருக்கிறது. 8ஆம் தேதி வர வேண்டியது 7ஆம் தேதியே வரும். பிறகு 13, 19. புதிய பக்கத்தில் போட்டாகிவிட்டது என்றாள். போட்டாகிவிட்டது, சரி. தெரிகிறதா?

மார்ச் 3, சனி

நாற்பது வரி எழுதினேன், நாற்பதையும் அழித்தேன். இட்லி மாவு அரைத்தேன். அதை அழிக்கவில்லை.

மார்ச் 5, திங்கள்

வழி கிடைத்துவிட்டது. பழைய பிரௌசர் மட்டும் படிக்கிற ஒரு ரகசியக் குறிப்பைப் பக்கத்தின் தலையில் எழுதி வைக்கலாம். மற்ற பிரௌசர்கள் அதை வெறும் குறிப்பு என்று தாண்டிப் போய்விடும். பழையது மட்டும் நின்று படித்து, அதில் சொல்லியிருக்கிற தனிக் கோப்பையும் எடுத்துக்கொள்ளும். அந்தக் கோப்பில் ‘இருந்தால்’ கிடையாது. நேரடி உத்தரவுகள் மட்டும்.

நூற்பாலையில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றபோது எனக்கு ஐம்பத்தேழு வயது. பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த கம்ப்யூட்டர் புத்தகம் ஒன்றை வாங்கி இந்த வேலையைக் கற்றேன். இந்த ரகசியக் குறிப்பு அந்தப் புத்தகத்தில் இல்லை. முத்தரசி சொன்னது. நானே கண்டுபிடித்திருப்பேன், நாளாகியிருக்கும்.

மார்ச் 6, செவ்வாய்

நான்கு கட்டங்களுக்கும் ஆளுக்கு இருபத்தைந்து சதவீதம் அகலம் கொடுத்தேன். நாலு இருபத்தைந்து நூறு, இதில் சண்டைக்கு இடமில்லை. ஆனால் மூன்று கட்டம் மேலே நின்றது, நான்காவது கீழே விழுந்தது. அகர வரிசையில் கடைசி வடக்கு. தளவாயின் தெரு.

காய்கறி வாங்கப் போகிற வழியில் எட்டிப் பார்த்த தளவாய் அதைப் பார்த்துவிட்டார்.

“எங்க தெருவை மட்டும் குழியில தள்ளிட்டியளே அண்ணாச்சி. உள்நோக்கம் இருக்கோ?”

“அளவு நூறுதான் வருது. பிரௌசர் ஒழுங்கா எண்ண மாட்டேங்கு.”

போனில் முத்தரசி சிரித்தாள். கட்டத்தைச் சுற்றி நான் போட்ட கோடுகளுக்கும் அகலம் உண்டாம். நூறோடு கோடும் சேர்ந்தால் இடம் போதாது. ஆளுக்கு ஒரு சதவீதம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

விட்டுக்கொடுப்பது என் பழக்கம் அல்ல. இருந்தாலும் இருபத்து நான்கு என்று மாற்றினேன். வடக்கு மேலே ஏறிவிட்டது.

மார்ச் 8, வியாழன்

காலையில் நடக்கப் போனேன். வழக்கமாகத் தெற்குத் தெருவிலேயே நடந்து திரும்புவேன். இன்று கிழக்குத் தெரு வழியாகப் போக நேர்ந்தது. தெருக் கடைசியில் பச்சைக் கேட் போட்ட வீடு, இரண்டு பக்கமும் காலி மனை. கேட்டுக்கு வெளியே குழாயடியில் ஏழு குடம் வரிசையாக வைத்திருந்தது. எல்லாம் காலி.

கிழக்குத் தெருவுக்குத் தண்ணீர் நேற்றே வந்து போய்விட்டது.

மார்ச் 9, வெள்ளி

ஒரு தலைமுறைக்கே பொதுவாகச் சொல்கிறேன். ஒரு பக்கத்தில் தகவலை மறைத்து வைத்து, அமுக்கினால் திறக்கும்படி செய்வது எதற்கு? முத்தரசியிடம் கேட்டேன். போனில் இடம் சின்னது, நாலு தெருவையும் கொட்டினால் உருட்டிக்கொண்டே போக வேண்டும், அதனால் முதலில் மூடி வைத்திருக்கிறேன் என்றாள். போனுக்கு அது நியாயம்தான் என்று தோன்றியது. அவளிடம் சொல்லவில்லை.

என் கோப்பில் ஒவ்வொரு தெருவையும் பெயர் சொல்லித் திறக்க வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

மார்ச் 12, திங்கள்

அடி இடறி முழங்கால் வீங்கிவிட்டது. இரண்டு நாள் வேலை போயிற்று. முத்தரசி வேப்பெண்ணெய் கொண்டு வந்தாள். வந்தவள் என் கோப்பைத் திறந்து பார்த்தாள்.

“பெரியப்பா, சும்மா சொல்லலீங்க. இவ்வளவு சுத்தமா எங்க ஆபீஸ்ல யாரும் எழுதறதில்ல. ஒவ்வொரு வரிக்கும் எதுக்குன்னு தமிழ்ல குறிப்பு வேற.”

“நாளைக்கு நான் செத்துப்போனா வாரவனுக்குத் தெரியணும்லா.”

“இங்க என்ன எழுதியிருக்கீங்க? ‘இந்த வரியைத் தொடுபவன் மூடன்’.”

“அதுவும் தெரியணும்.”

வலி வேப்பெண்ணெய்க்குக் கேட்கிறது.

மார்ச் 14, புதன்

நொண்டிக்கொண்டு நடக்கப் போனேன். டாக்டர் நடக்கக் கூடாது என்றுதான் சொன்னார். கிழக்குத் தெரு பள்ளமில்லாத தெரு, காலுக்கு நல்லது.

ஏழு குடம். காலி. நேற்று வந்த தண்ணீரும் போயிற்று. அந்த வீட்டில் இருப்பவர்கள் பழைய கணக்கில் ஆறு ஆறு நாளாக எண்ணிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஒரு நாள் தாமதமாகக் குடத்தை வைக்கிறார்கள். தண்ணீர் வரும் முன் குழாய் மூச்சு விடுகிற சத்தம் கேட்டாலாவது எழுந்து வரலாம். கேட்காது. அக்கம்பக்கத்தில் யாரிடமும் கேட்கவும் மாட்டார்கள். அது அவர்கள் குடும்பச் சுபாவம் என்று நினைக்கிறேன்.

சங்கத்தின் பெயரில் தள்ளுவண்டியில் ஏழு குடம் தண்ணீர் அனுப்பினேன். தள்ளுவண்டிக்காரர் இசக்கி அரை மணி நேரத்தில் ஏழு குடத்தோடும் திரும்பி வந்தார்.

“வேண்டாம்னுட்டாவ அண்ணாச்சி. ‘சங்கம் பொறந்ததுல இருந்து யாருக்குவே ஒரு டம்ளர் தண்ணி கொடுத்திருக்கு, எனக்கு மட்டும் என்னத்துக்கு’ன்னு கேக்காவ. நான் என்ன சொல்ல?”

அவர் ஒன்றும் சொல்லியிருக்க முடியாதுதான். அந்தத் தண்ணீரில் என் வீட்டைக் கழுவினேன். நன்றாகப் பளபளக்கிறது.

19ஆம் தேதி திங்கட்கிழமைக்குள் அந்தப் பக்கம் திறந்தாக வேண்டும். 18ஐ விட எனக்கு 19தான் பெரிதாகத் தெரிகிறது. காரணம், தண்ணீர் பொது விஷயம்.

மார்ச் 16, வெள்ளி

தெற்கு திறந்தது. மேற்கு திறந்தது. வடக்கு திறந்தது. கிழக்கு திறக்கவில்லை.

நான்குக்கும் ஒரே உத்தரவு, ஒரே வரி. மூன்று கேட்கிறது, ஒன்று கேட்கவில்லை. புதிய போனிலும் லேப்டாப்பிலும் கிழக்கு அழகாகத் திறக்கிறது. என் கோப்பில்தான் திறக்கவில்லை. முத்தரசியின் வேலையில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும். என் கோப்பை ஒன்பது முறை படித்தேன். தவறே கிடையாது.

மார்ச் 17, சனி

மதியம் முத்தரசி வந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என் கோப்பையும் பக்கத்தையும் அருகருகே வைத்து, விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள். பத்து நிமிடத்தில் விரல் நின்றது.

“பெரியப்பா, உங்க பழைய பக்கத்துல இருந்த வரிசையை அப்படியே எடுத்துத்தான் நான் புதுசு செஞ்சேன். ஒரு பேரையும் மாத்தலை. இங்க பாருங்க. பக்கத்துல கிழக்குக்கு kilakku-ன்னு இருக்குது. உங்க கோப்புல kizhakku-ன்னு கூப்பிடறீங்க. அது எப்படித் திரும்பிப் பார்க்கும்? நீங்க அங்கிளுக்குத் திரும்பாத மாதிரிதான்.”

பார்த்தேன். உண்மைதான். ஆங்கில எழுத்தில் ழ எழுத zh போட வேண்டும். பக்கம் முழுவதும் எங்கெல்லாம் ழ வருகிறதோ அங்கெல்லாம் நான் zh போட்டிருக்கிறேன். கிழக்குத் தெரு வரிசையில் மட்டும், முதலிலிருந்து கடைசி வரை, வெறும் l.

“இது நீங்க எழுதினது இல்லீங்களே? தனி ஆளா செஞ்சேன்னு சொன்னீங்க?”

“தட்டச்சு செய்தது வேற ஆள். அது உதவி. உதவியை யாரும் கணக்குல எடுக்க மாட்டாவ.”

“எவ்வளவு நாள் உதவி?”

“நாலு வருசம்.”

அவள் என் பழைய 2003 கோப்பைத் திறந்தாள். அதில் கிழக்கு இரண்டு விதமாகவும் இருந்தது. kizhakku, ஒரு காற்புள்ளி, kilakku. இரண்டில் எது வந்தாலும் திறக்கும்படி நான்தான் அப்போது எழுதியிருக்கிறேன். இந்த முறை புதிதாக எழுதும்போது அந்த இரண்டாவது ஞாபகத்தில் வரவில்லை. அல்லது வந்தது, சேர்க்கவில்லை.

“எல்லாத்தையும் zh-ஆ மாத்திரட்டுங்களா? அஞ்சு நிமிஷ வேலை. அதுதானே சரி?”

“வேண்டாம்,” என்றேன். காற்புள்ளி போட்டேன். அதன் பின்னால் kilakku என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். கிழக்கு திறந்தது.

அவள் போன பிறகு இதை எழுதுகிறேன். 2007 ஆண்டுக் கூட்டத்தில் நான் மைக்கைப் பிடித்து, “கிழக்கைக் கிலக்கு என்று எழுதுகிறவர்கள் கையில் பக்கம் போனால் சூரியன் எந்தப் பக்கம் உதிப்பது என்று அதற்கே தெரியாமல் போய்விடும்” என்று பேசினேன். நூறு பேர் சிரித்தார்கள். நல்ல பேச்சு என்று அப்போது பட்டது. கிழக்கு வரிசையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்விட்டார். அதன் பிறகு பேச்சில்லை. அவருக்குச் சிறு வயதிலிருந்தே காது மந்தம், இடது காது அறவே கேட்காது. ழவும் லவும் ஒன்றாகத்தான் விழும். எனக்குத் தெரியும். அன்றைக்கும் தெரியும்.

இந்தப் பக்கத்தை நாளைக்குக் கிழித்துவிடலாம்.

மார்ச் 18, ஞாயிறு

கிழிக்க நேரமில்லை. காலையிலிருந்தே ஓட்டம்.

என் கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிச் சங்கக் கட்டடத்துக்குக் கொண்டு போனேன். மடியில் வைத்துக்கொண்டேன். ஆட்டோக்காரர் வேகத்தடையைப் பார்க்கவில்லை. மேசையில் வைத்துச் சுவிட்சைப் போட்டால் மூன்று முறை பீப் என்றது, திரை கருப்பாகவே இருந்தது. மறுபடி போட்டேன். பீப், பீப், பீப்.

செயற்குழுவில் ஆறு பேர். தளவாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“பெரியவர் மூணு தரம் கும்பிடு போடுதாரு,” என்றார் பொருளாளர் என் கம்ப்யூட்டரைக் காட்டி. எல்லாரும் சிரித்தார்கள்.

“சரி அண்ணாச்சி. நீங்களும் பாடுபட்டிய. காட்டணும்னுதான பேச்சு, காட்ட முடியல. இதோட விட்டுருவோம். டீ வருது.”

“ரெண்டு மெஷின் இருக்குன்னு சொன்னனே மாமா,” என்றாள் முத்தரசி. “இன்னொண்ணுல காட்டலாமே.”

“அது யாரு வீடுன்னே தெரியலல்லா.”

முத்தரசி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு டீ டம்ளருக்குள் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாக என்று தெரியவில்லை.

“தெரியும்,” என்றேன்.

“யாரு?”

“கிழக்குத் தெரு, பச்சைக் கேட். உலகம்மாள். 2005ல நான்தான் அந்த மெஷினை மாட்டிக் கொடுத்தேன்.” அவர்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “என் தங்கச்சி.”

“நம்ம போஸ்டாபீஸ் அக்காவா? அவ்வொ ஒங்க கூடப் பொறந்தவ்வொளா?” தளவாய் இந்த நகருக்கு வந்து எட்டு வருடம்தான் ஆகிறது.

ஆறு பேரும் முத்தரசியும் நானும் ஊர்வலமாகப் போனோம். தளவாய் கதவைத் தட்டினார். பொருளாளர் தட்டினார். பதில் இல்லை. “வெளிய போயிருப்பாவளோ?” என்றார்கள். நான் வலப்பக்க ஜன்னலுக்குப் போய் இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினேன். அப்படித்தான் அவளைக் கூப்பிட வேண்டும்.

கதவு திறந்தது. முடி முழுவதும் வெளுத்திருக்கிறது. குரல் வெளுக்கவில்லை.

“என்ன இத்தனை பேரு? யாரு செத்தா?”

தளவாய் குனிந்து உரக்க விஷயத்தைச் சொன்னார்.

“கம்ப்யூட்டரைப் பாக்கணுமா? வாங்க, பாருங்க. நானும் பதினெட்டு நாளா அதைத்தான் திட்டிட்டுக் கெடக்கேன். எந்தப் படிச்ச மூதேவி செஞ்சுதோ, நாலு பொத்தான வச்சிருக்கு, ஒண்ணும் அமுங்க மாட்டேங்கு.”

“நான்தானுங்க அம்மா அந்த மூதேவி,” என்றாள் முத்தரசி.

உலகம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “மொகத்தைப் பாத்தா அப்படித் தெரியலையே. உள்ள வா.” எல்லாரும் உள்ளே போனார்கள். நான் படியில் நின்றேன். அவள் என்னைப் பார்க்காமல் தளவாயிடம் சொன்னாள்: “அவ்வொ செஞ்சதுக்கு மொதல்ல மன்னிப்புக் கேட்டால் உள்ள வரட்டும். இல்லைன்னா அங்கனயே நிக்கட்டும்.”

இதற்கு என்னிடம் பதினோரு வருடமாக ஒரு பதில் தயாராக இருந்தது. அவள் முதலில் வந்து பேசினால் நான் மன்னிப்புக் கேட்பேன் என்பது அது. நல்ல பதில். பலமுறை குளிக்கும்போது சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அவள் நகர்ந்து வழி விட்டாள்.

அவளுடைய மெஷின் உயிர் பெற ஏழு நிமிடம் ஆயிற்று. அதற்குள் எல்லாருக்கும் முறுக்கு வந்துவிட்டது. அவளே பக்கத்தைத் திறந்தாள். நான்கு கட்டமும் அருகருகே, ஒன்றும் கீழே விழாமல் நின்றன. முதல் கட்டத்தில்: கிழக்குத் தெரு, மார்ச் 19, திங்கள், காலை 5 மணி.

“நாளைக்கா?” என்றாள். “நான் இருபதுன்னுல்லா எண்ணிட்டு இருக்கேன்! ரெண்டு மொறை கோட்டை விட்டுட்டு, பம்புல அடிச்சு அடிச்சுத் தோளே போச்சு.” திரும்பி முத்தரசியின் கன்னத்தைக் கிள்ளினாள். கிள்ளியதில் பாதி பாசம், பாதி தண்டனை.

பொருளாளர் கை தட்டினார். தீர்மானம் அங்கேயே, முறுக்குத் தட்டைச் சுற்றி, ஏகமனதாக நிறைவேறியது.

உலகம்மாள் யாருக்கும் சொல்லாமல் பக்கத்துக்குப் பின்னால் இருக்கிற உத்தரவு வரிகளைத் திறந்து படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது மறக்கவில்லை. என் புதிய கோப்பையும் தேடித் திறந்தாள். திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டு போனாள். அந்த வரிக்கு வந்ததும் நின்றாள்.

“கிலக்கை எடுக்கலியா?” என்னிடம்தான் கேட்டாள்.

“எடுக்கல.”

“அது தப்புல்லா?”

“தப்புதான்,” என்றேன். எதைச் சொன்னேன் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. இன்னொரு முறுக்கை என் பக்கம் தள்ளினாள்.

மார்ச் 19, திங்கள்

நாலே முக்காலுக்குப் போனேன், ஜன்னலில் கையை ஆட்ட. விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. ஏழு குடமும் குழாயடியில் இருந்தன. அவள் படியில் உட்கார்ந்து, குழாயைக் கண்ணால் காவல் காத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மூன்றுக்குக் குழாய் மூச்சு விட்டது. நான் கையைத் தூக்கினேன். அவள் எழுந்தாள்.

நாலு குடம் நான் தூக்கினேன், மூன்று அவள். “காலை நொண்டிட்டு என்ன வீரம்? வையிங்க கீழ,” என்றாள். வைக்கவில்லை.

“அன்னைக்குத் தள்ளுவண்டியில தண்ணி அனுப்புனது ஒங்க வேலைதான?”

“சங்கம்.”

“சங்கத்துக்கு எங்க வீட்டுல ஏழு குடம்னு எப்படித் தெரியும்?”

காபி குடித்தோம். சர்க்கரை அதிகம். சொன்னேன். “பதினோரு வருசமா எனக்குத்தான போட்டேன், இப்படித்தான் இருக்கும்,” என்றாள்.

மாலையில் முத்தரசி வந்து என் கம்ப்யூட்டரைப் பிரித்தாள். உள்ளே இருந்த நினைவகப் பட்டையை உருவி, பள்ளிக்கூட ரப்பரால் அதன் ஓரத்தைத் தேய்த்து, மறுபடி செருகினாள். எழுந்துவிட்டது. ரப்பரை மேசையிலேயே வைத்துக்கொண்டேன்.

மார்ச் 20, செவ்வாய்

இனி நடக்க வேண்டியவை. யார் செய்ய வேண்டும் என்பதோடு எழுதுகிறேன், ஒட்டுவதற்கு ஒரு பிரதி சங்கப் பலகைக்கு. கடைசிப் பத்தி நீங்கலாக.

தளவாய்: பக்கத்தில் கை வைக்கும் முன் தெற்குத் தெருவில் ஒரு வீட்டிலும் கிழக்குத் தெருவில் ஒரு வீட்டிலும் கேட்க வேண்டும். தண்ணீர் முறை மாறினால் பக்கத்தில் போடுவதோடு நிற்காமல், போன் இல்லாத வீடுகளுக்கு ஆள் அனுப்ப வேண்டும். எத்தனை வீடு என்று தெரியாது என்றால் எண்ண வேண்டும்.

முத்தரசி: எதை மாற்றினாலும் ‘இருந்தால்’ இல்லாமல் ஒரு முறை எழுதிப் பார்க்க வேண்டும். முதலில் எல்லாருக்கும் தெரியட்டும், அழகு பிறகு வரட்டும். என் கோப்பில் ‘மூடன்’ என்று எழுதிய வரியை அவள் மட்டும் தொடலாம்.

உலகம்மாள்: கிழக்குத் தெரு வரிசையை இன்று முதல் அவளே தட்டச்சு செய்ய வேண்டும். எந்த எழுத்தில் வேண்டுமானாலும்.

காற்புள்ளி: இருக்கிற இடத்தில் இருக்க வேண்டும். பொறுப்பு, எல்லாரும்.

நான்: ஏப்ரல் 1, ஆண்டுக் கூட்டம். தளவாயிடம் மைக்கை இரண்டு நிமிடம் கேட்டு வாங்க வேண்டும். 2007 பேச்சுக்குப் பதிலாகப் பேச வேண்டியதை எழுதிவிட்டேன், இரண்டே வரி, அதில் ‘இருந்தால்’, ‘வந்தால்’ எதுவும் இல்லை. அவளுக்கு முதல் வரிசையில், ஸ்பீக்கர் வலது காதுப் பக்கம் வரும்படி, ஒரு நாற்காலி போட வேண்டும். அதையும் நானே போட வேண்டும்.